ஜூன் 25 வெறும் தற்செயல்தானா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இரண்டே வரிகள்: "இந்திய அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கியதும், முதல் உலகக் கோப்பையை வென்றதும் ஒரே தேதியில், ஒரே மைதானத்தில் என்று படித்தேன். இது உண்மையா? உண்மையென்றால் ஜூன் 25 என்ற நாளுக்கு அப்படியென்ன சிறப்பு?" பார்ப்பதற்குத் தேதியைச் சரிபார்க்கச் சொல்லும் கேள்விபோல இருக்கிறது. அதற்கு மட்டும் பதில் சொல்வதென்றால் ஒரு வரி போதும். ஆனால் ஒரே நாளில் பெரிய நிகழ்வுகள் வந்து குவிவதற்கு ஏதேனும் காரணம் இருக்கிறதா, அல்லது நாம் தேடிப் பொறுக்குவதால்தான் அப்படித் தோன்றுகிறதா என்பதே அவருடைய உண்மையான ஐயம் என்று நான் புரிந்துகொள்கிறேன். நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உதவி ஆசிரியராக இருந்தபோது, 'இதே நாளில்' என்ற சிறு கட்டத்தை அன்றாடம் நிரப்பும் வேலை என்னிடம் இருந்தது. கிரிக்கெட், கால்பந்து, குத்துச்சண்டை ஆகிய மூன்றில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. அமெரிக்கர்களின் பேஸ்பால், பனி ஹாக்கி போன்றவை என் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்பதால் அவற்றைத் தொடாமல் விடுகிறேன்.

முதலில் நேரடியான விடை. நீங்கள் படித்தது உண்மை. ஆனால் ஒரு திருத்தத்தோடு. 1983 ஜூன் 25 அன்று லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம் தொடங்கி அன்றே முடிந்தது. 1932 ஜூன் 25 என்பதோ அதே மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடங்கிய நாள் மட்டுமே. அது மூன்று நாள் ஆட்டம். சனிக்கிழமை தொடங்கி, ஞாயிறு ஓய்வுக்குப் பின் 27, 28 தேதிகளில் தொடர்ந்து, இங்கிலாந்து 158 ரன்கள் வித்தியாசத்தில் வென்றதோடு முடிந்தது. சில பதிவுகளில் 'ஜூன் 25இல் தோற்ற இந்தியா அதே ஜூன் 25இல் வென்றது' என்று எழுதுகிறார்கள். அது பிழை. 1932இன் அந்த முதல் நாளில், குறிப்பாக அதன் முதல் அரை மணி நேரத்தில், இந்தியா தோற்றுக்கொண்டிருக்கவே இல்லை.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் 1983ஐப் பற்றித் தெரியாதவர் நம்மிடையே இல்லை. 1932இன் முதல் காலையை அறிந்தவர் மிகக் குறைவு. இங்கிலாந்தின் தலைவர் டக்ளஸ் ஜார்டின். தொடக்க ஆட்டக்காரர்கள் யார்க்ஷயரின் பெர்சி ஹோம்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும். பத்து நாள்களுக்கு முன்புதான் இந்த இருவரும் லேட்டனில் எசெக்ஸ் அணிக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 555 ரன்கள் சேர்த்திருந்தார்கள். எதிரே இருந்தது, அதற்கு முன் ஒரு டெஸ்ட் கூட ஆடியிராத ஓர் அணி. சுற்றுப்பயணத் தலைவரான போர்பந்தர் மகாராஜா ஒதுங்கிக்கொள்ள, களத்தில் தலைமை தாங்கும் பொறுப்பு சி.கே. நாயுடுவுக்கு வந்திருந்தது. முகமது நிசார் சட்கிளிஃபை 3 ரன்களில் போல்டு ஆக்கினார். அப்போது மொத்தம் 8. அடுத்து ஹோம்ஸையும் அவரே 6 ரன்களில் போல்டு ஆக்கினார், மொத்தம் 11. அடுத்து வந்த ஃபிராங்க் வூலி, லால் சிங் பாய்ந்து எடுத்து எறிந்த பந்தால் ரன் அவுட் ஆனார். 19 ரன்களுக்கு 3 விக்கெட். லால் சிங் கோலாலம்பூரில் பிறந்து, மலாயாவிலிருந்து வந்து இந்தியாவுக்காக ஆடியவர். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். ஆட்ட விவரப் பட்டியலில் அந்த ரன் அவுட் ஒரு சொல்லாகச் சுருங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

ஜார்டினின் 79 ரன்களும் லெஸ் ஏம்ஸின் 65 ரன்களும் இங்கிலாந்தைக் காப்பாற்றின. நிசார் 93 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தும் மொத்தம் 259 வரை சென்றது. இந்தியா 189, அதில் கையில் அடிபட்ட நிலையிலும் நாயுடு எடுத்த 40 ரன்களே அதிகம். இரண்டாம் இன்னிங்ஸில் அமர் சிங் 51 எடுத்தார். இந்தியர் ஒருவர் டெஸ்டில் அடித்த முதல் அரை சதம் அது. அவர் முதன்மையாகப் பந்துவீச்சாளர் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த 51இன் மதிப்பு புரியும். அதன் பின் முதல் டெஸ்ட் வெற்றிக்காக இந்தியா ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தன் 25ஆவது டெஸ்ட் வரை காத்திருந்தது. அது கிடைத்த இடம் நம் சேப்பாக்கம். நாள் 1952 பிப்ரவரி 10. அந்தத் தேதிக்குப் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. ஆட்டத்தின் முதல் நாளான பிப்ரவரி 6 அன்று பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வரவே, ஓய்வு நாளை மறுநாளுக்கே மாற்றிக்கொண்டார்கள். வினு மன்கட் இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் வீழ்த்த, இந்தியா இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. வரலாற்றில் பதியும் தேதிகள் எந்தெந்தக் காரணங்களால் நிர்ணயமாகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் ஊரில் கிடையாது.

இனி 1983. வெஸ்ட் இண்டீஸ் 1975, 1979 இரண்டிலும் கோப்பையை வென்ற அணி. இந்தியாவோ அந்த இரு போட்டிகளிலும் சேர்த்து வென்றது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிரான ஒரே ஓர் ஆட்டம். இறுதியாட்டத்தில் டாஸ் வென்ற கிளைவ் லாயிட் இந்தியாவை முதலில் ஆடச் சொன்னார். 60 ஓவர் ஆட்டத்தில் இந்தியா 54.4 ஓவர்களில் 183 ரன்களுக்குச் சுருண்டது. இந்த 183இல் நம்மூர் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் எடுத்தது 38. இரு அணிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த ஆட்டத்தில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன் அதுதான். ஆண்டி ராபர்ட்ஸின் பந்தை ஒரு காலை மடித்து, மண்டியிட்ட நிலையில் அவர் எல்லைக்கு விரட்டிய அந்த ஒரு அடியைத் திருவல்லிக்கேணிப் பையன்கள் அடுத்த சில மாதங்களுக்குத் தென்னை மட்டையை வைத்துக்கொண்டு பழகினார்கள். அவர்களில் நானும் ஒருவன். கடைசி விக்கெட்டுக்குக் கிர்மானியும் பல்விந்தர் சாந்துவும் சேர்த்த 22 ரன்களை யாரும் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. வெற்றி வித்தியாசம் 43 ரன்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் அந்த இணை தந்தது.

சாந்துவின் உள்ளே திரும்பிய பந்தை விட்டுவிடலாம் என்று மட்டையை உயர்த்திய கிரீனிட்ஜ் ஒரு ரன்னில் போல்டு ஆனார். அதன் பின் விவியன் ரிச்சர்ட்ஸ் 28 பந்துகளில் 33 எடுத்து, ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடும் அவசரத்தில் இருப்பவரைப்போல ஆடிக்கொண்டிருந்தார். மதன் லால் வீசிய பந்தை அவர் தூக்கி அடிக்க, அது மட்டையின் நடுவில் சரியாகப் படாமல் மிட்விக்கெட் பக்கம் உயரே எழும்பியது. கபில் தேவ் பந்துக்கு முதுகைக் காட்டி ஓடத் தொடங்கி, ஓட்டத்தின் நடுவில் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தபடியே சென்று, விரல்களுக்குள் வாங்கிக்கொண்டார். கடினமான கேட்ச்சுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு தடுமாற்றம் தெரியும். இதில் அது இல்லை. காசு வாங்குபவர் கையை நீட்டுவதுபோல இருந்தது. 57க்கு 3, பிறகு 66க்கு 5, 76க்கு 6. டுஜானும் மார்ஷலும் 119 வரை இழுத்துச் சென்றபோது மொஹிந்தர் அமர்நாத் மெதுவாக ஓடிவந்து வீசி இருவரையும் அனுப்பினார். கடைசியில் ஹோல்டிங்கை எல்.பி.டபிள்யூ. ஆக்கியவரும் அவரே, 7 ஓவர், 12 ரன், 3 விக்கெட். 52 ஓவர்களில் 140 ரன்களுக்கு வெஸ்ட் இண்டீஸ் ஆட்டமிழந்தது.

இந்த ஆட்டம் குறித்து எதை உறுதியாக நம்பலாம், எதைச் சற்று ஒதுக்கி வைத்துக் கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். எண்கள், விக்கெட் விழுந்த வரிசை, காட்சிப் பதிவில் தெரிபவை ஆகியவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழந்த அந்த ஓவரைத் தனக்குத் தரும்படி மதன் லால் கபிலிடம் கேட்டு வாங்கியது, வெஸ்ட் இண்டீஸ் அறைக்குச் சென்று கபில் ஷாம்பெயின் எடுத்து வந்தது போன்றவை ஆடியவர்களே பின்னாளில் மேடைகளிலும் பேட்டிகளிலும் சொன்னவை. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதையில் சொற்கள் மெருகேறிக்கொண்டே போகும். அதனால் அத்தகைய உரையாடல்களை மேற்கோளாக அச்சிடுவதை நான் எப்போதும் தவிர்த்தே வந்திருக்கிறேன்.

ஜூன் 25 இந்தியாவுக்கு மட்டும் உரிய நாள் அன்று. என்னைக் கேட்டால் நெதர்லாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் இந்த நாளோடு இன்னும் நெருங்கிய பிணைப்பு உண்டு. 1978 ஜூன் 25 அன்று புவெனோஸ் ஐரிஸின் ரிவர் பிளேட் மைதானத்தில் கால்பந்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இவ்விரு நாடுகளும் மோதின. அர்ஜென்டினாவின் கெம்பஸ் ஒரு கோல் போட, 82ஆவது நிமிடத்தில் நெதர்லாந்தின் நன்னிங்கா சமன் செய்தார். வழக்கமான நேரத்தின் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்தின் ரென்சென்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் கெம்பஸும் பெர்தோனியும் கோல் போட, அர்ஜென்டினா 3-1 என்று வென்றது. அந்தக் கோப்பையைக் கையளித்தவர் ராணுவ ஆட்சித் தலைவர் விதேலா. ஆட்கள் கடத்தி வைக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்ட கடற்படைப் பள்ளி அந்த மைதானத்துக்கு மிக அருகில் இருந்தது. இவை ஆவணங்களால் உறுதியானவை. அதே தொடரில் பெரு அணி அர்ஜென்டினாவிடம் 6-0 எனத் தோற்ற ஆட்டம் விலைபேசப்பட்டது என்ற குற்றச்சாட்டு இன்றுவரை பேசப்படுகிறது, அது நிறுவப்படவில்லை. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சம எடையோடு எழுதுபவர்களைப் பார்க்கிறேன். அது சரியான முறை ஆகாது.

பத்து ஆண்டுகள் கழித்து 1988 ஜூன் 25 அன்று மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் நெதர்லாந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றது. எதிரே சோவியத் யூனியன். குல்லிட் தலையால் முட்டிய முதல் கோலுக்குப் பின், 54ஆவது நிமிடத்தில் முரென் இடப்பக்கத்திலிருந்து உயரமாக அனுப்பிய பந்து பெனால்டி பகுதியின் வலது ஓரத்தில் இறங்கியது. கோல் வலைக்கு மிகக் குறுகிய கோணத்தில் நின்றிருந்த வான் பாஸ்டன் அதைத் தரையில் படவிடாமல் அப்படியே அடித்தார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான தசாயெவின் தலைக்கு மேலே பறந்து எதிர் மூலையில் விழுந்தது. பயிற்சியாளர் ரினுஸ் மிஷெல்ஸ், 1974இல் இதே மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்ற நெதர்லாந்து அணிக்கும் அவரே பயிற்சியாளர். நெதர்லாந்து ஆண்கள் அணி வென்றுள்ள ஒரே பெரிய கோப்பை அது. அதே நாடு 2006 ஜூன் 25 அன்று நியூரம்பெர்க்கில் போர்ச்சுகலிடம் 1-0 எனத் தோற்ற ஆட்டத்தில் நடுவர் 16 மஞ்சள் அட்டைகளையும் 4 சிவப்பு அட்டைகளையும் காட்டினார். அதைப் பற்றி மேலும் சொல்லும்படியான ஆட்டம் எதுவும் அங்கு நடக்கவில்லை.

அர்ஜென்டினாவின் கணக்கு இன்னும் வேதனையானது. 1978இல் அணியின் இறுதித் தேர்வில் விடுபட்ட பதினேழு வயது மரடோனா, 1994 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ்பரோவில் நைஜீரியாவுக்கு எதிராகத் தன் 21ஆவது உலகக் கோப்பை ஆட்டத்தை ஆடினார். அர்ஜென்டினா 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களும் கனீஜியாவுடையவை. ஆட்டம் முடிந்ததும் வெள்ளை உடை அணிந்த பணிப்பெண் ஒருவர் களத்துக்குள் வந்து, மரடோனாவின் கையைப் பிடித்து ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். அவர் சிரித்துக்கொண்டே, கூட்டத்தை நோக்கிக் கையசைத்தபடி நடந்தார். எஃபெட்ரின் கலந்திருந்தது உறுதியான பின் அவர் உலகக் கோப்பையில் மீண்டும் ஆடவே இல்லை. அந்தப் படத்தை எங்கள் மேசையில் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கைகோத்து வெளியேறும் அந்த மனிதருக்குத் தன் உலகக் கோப்பை வாழ்க்கை முடிந்துவிட்டது என்று தெரியவில்லை.

1982 ஜூன் 25 அன்று ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் உலகக் கோப்பையில் நடந்தது வேறு வகை. மேற்கு ஜெர்மனி ஆஸ்திரியாவை ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும். ஜெர்மனியையே வென்றிருந்த அல்ஜீரியா வெளியேறும். அல்ஜீரியாவின் கடைசி ஆட்டம் முந்தைய நாளே முடிந்துவிட்டதால் இருவருக்கும் கணக்கு தெரிந்திருந்தது. பத்தாவது நிமிடத்தில் ஹ்ருபெஷ் கோல் போட்டார். எஞ்சிய எண்பது நிமிடமும் பந்தை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டியே பேசிவைத்தார்களா என்பது நிரூபணமாகவில்லை. ஆனால் அதன் விளைவு உறுதியானது: 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. இன்று நாம் இரண்டு அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு அந்தப் பிற்பகலே காரணம்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். முந்நூற்று அறுபத்தைந்து நாள்களில் ஒரே நாள் எப்படி அமைந்தது என்று கேட்டால் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஆட்டங்கள் முந்நூற்று அறுபத்தைந்து நாள்களில் எதிலும் நடந்திருக்கக்கூடியவை அல்ல. இங்கிலாந்தில் கிரிக்கெட் கோடைக்கால ஆட்டம். அதன் பெரிய நாள்கள் சனிக்கிழமையில் வைக்கப்பட்டன. லார்ட்ஸின் முக்கிய ஆட்டத்துக்கு ஜூன் பிற்பகுதி பழகிய காலம். முதல் மூன்று உலகக் கோப்பை இறுதியாட்டங்களும் லார்ட்ஸில்தான் நடந்தன: 1975 ஜூன் 21, 1979 ஜூன் 23, 1983 ஜூன் 25. மூன்றும் சனிக்கிழமைகள். 1932 ஜூன் 25ஐயும் சேர்த்தால் நான்குமே, ஜூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் அந்த ஒரு சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமை ஏழு தேதிகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆகவே 365இல் ஒன்று என்று நாம் மலைக்கும் வாய்ப்பு உண்மையில் ஏழில் ஒன்றுக்கு நெருக்கமானது. கால்பந்திலும் இதே நிலைதான். ஐரோப்பியக் கழக ஆட்டங்கள் ஓய்ந்திருக்கும் ஜூன், ஜூலை வாரங்களில்தான் நாடுகளின் பெரிய போட்டிகள் பெரும்பாலும் நடக்கின்றன. 1988, 1994 ஆகிய ஆண்டுகளிலும் ஜூன் 25 சனிக்கிழமையே. நாள்காட்டி இந்த நிகழ்வுகளை ஒரு குறுகிய சந்துக்குள் ஓட்டிச் செல்கிறது. அங்கே அவை ஒன்றையொன்று இடித்துக்கொள்வது இயல்பு.

எல்லாத் தேதிகளுக்கும் இப்படிக் காரணம் காட்டிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1948 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் ஜோ லூயிஸ், ஜெர்சி ஜோ வால்காட்டை 11ஆவது சுற்றில் வீழ்த்தித் தன் பட்டத்தை 25ஆவது முறையாகக் காத்துக்கொண்டார். அந்தக் குத்துச்சண்டை 23ஆம் தேதி நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. நான்கு ஆண்டுகள் கழித்து 1952இல் அதே மைதானத்தில் சுகர் ரே ராபின்சன் - ஜோயி மாக்சிம் மோதலும் மழையாலேயே 23இலிருந்து 25க்கு நகர்ந்தது. கடும் வெப்பத்தில் நடந்த அந்தச் சண்டையில் நடுவரே பாதியில் சோர்ந்து விலக வேண்டியிருந்தது. புள்ளிகளில் முன்னிலையில் இருந்த ராபின்சனால் 14ஆவது சுற்றுக்கு எழ முடியவில்லை. இரண்டு முறை பெய்த மழைக்கு நான் எந்த விதியையும் கற்பிக்க மாட்டேன்.

கடைசியாக, தேதி என்பது எந்த ஊர்த் தேதி என்ற சிக்கல். பணியில் சேர்ந்த புதிதில், 1978 இறுதியாட்டத்தை ஜூன் 26க்கு உரிய கட்டத்தில் நான் போட்டுவிட்டேன். அந்த ஆட்டம் தொடங்கியபோது இந்தியாவில் இரவு பதினொன்றரை மணிக்கு மேல். முடிந்தபோது நம் கடிகாரப்படி 26ஆம் தேதி பிறந்துவிட்டது. நான் நம் நேரப்படி எழுதப்பட்ட பழைய குறிப்பை நம்பினேன். மறுநாள் காலை ஒரு முதியவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, மைதானத்துக் கடிகாரம்தான் கணக்கு" என்றார். அன்று முதல் அதையே விதியாகக் கொண்டேன். நீங்களும் சரிபார்க்கும்போது அதையே பின்பற்றுங்கள். அந்த விதிப்படி மரடோனாவின் கடைசி உலகக் கோப்பை ஆட்டமும் 25ஆம் தேதிக்கு உரியதே. நம்மில் அதைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தவர்களுக்கு அது 26ஆம் தேதி அதிகாலை. 1983இலோ இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போயின. லண்டனில் இன்னும் வெளிச்சம் இருந்த மாலையில் ஹோல்டிங் ஆட்டமிழந்தபோது, எங்கள் தெருவில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் உறங்கிக்கொண்டிருந்த என்னை அப்பா தட்டி எழுப்பியபோது, தெரு முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.